மாதாவின் கன்னத்தில் மிளகளவு

முப்பது வருடமாக நான் என்ன வேலை பார்த்தேன் என்பதை எங்கள் சனத்துக்கு முழுதாகச் சொன்னதில்லை. "மியூசியத்தில் வேலை" என்பதோடு நிறுத்திக்கொள்வேன். மிச்சத்தையும் சொன்னால் என் கையால் தேத்தண்ணி வாங்கிக் குடிக்க யோசிப்பார்களே என்ற பயம்தான். போன மார்கழியோடு ஓய்வு பெற்றுவிட்டேன். இனி யார் குடித்தால் என்ன, குடிக்காவிட்டால் என்ன. நான் எச்சில் தொட்டுப் படம் துடைத்தவன்.

பகிடி இல்லை. மெழுகுதிரிப் புகையும் தூசியும் கைப்பிசுக்கும் தலைமுறை தலைமுறையாக ஏறிக் கறுத்துப்போன பழைய ஓவியங்களைத் துப்புரவாக்க எச்சிலைப் போல நல்ல சாமான் கிடைப்பது அரிது. இளஞ்சூடாக இருக்கும். சோதித்துப் பார்த்துப் பாவித்தால் அழுக்கை மட்டும் கரைத்து எடுத்துக்கொண்டு வர்ணத்தை விட்டுவிடும். பிறகு சுத்தமான தண்ணீர் தொட்ட பஞ்சால் ஒருதரம் ஒற்றி எடுத்துவிட வேண்டும். படித்த மனிதர்கள் வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு ஊர் ஊராக இதைத்தான் செய்தார்கள்.

இப்போது காலம் மாறிவிட்டது. பெருந்தொற்று வந்து எல்லோரும் வாயைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து மியூசியத்தில் பழைய படங்களைச் செப்பனிடும் எங்கள் திருத்தகத்தில் போத்தலில் செய்த எச்சில்தான். நான் விடைபெற்ற அன்று கேக் வெட்டிக்கொண்டிருக்கும்போது, புதிதாகச் சேர்ந்த கமிய் என்ற பெண் என்னிடம் வந்து, "ம்சியு அந்தோனி, நீங்கள் ஒருக்கா ஒரு படத்துக்கு எச்சில் வைக்க மாட்டன் எண்டு நிண்டீங்களாமே, ஏன்?" என்று கேட்டாள். அவள் கேட்டது பிரெஞ்சில். எனக்குள் எந்தப் பாஷை இறங்கினாலும் அது எங்கள் தமிழில்தான் கேட்கும். அதனால் இங்கே எல்லோரும் அப்படித்தான் கதைப்பார்கள்.

அவளுக்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதத் தொடங்கினேன். அவளுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் பிரெஞ்சில் எழுதினால் எச்சில் என்பது வெறும் வாய்த் தண்ணீராகிவிடும். அதை வைத்து இந்தக் கதையைச் சொல்ல முடியாது.

மன்னார்ப் பக்கம் எனக்கு இருந்த ஒரே கைத்தொழில், திருநாளுக்கு முன் கோயில் சுரூபங்களுக்கு வர்ணம் அடிப்பது. மாதாவுக்கு நீலப் போர்வை, சூசையப்பருக்கு மண்ணிற அங்கி, சிறகு விரித்த சம்மனசுகளுக்குச் சிரிக்கிற சிவந்த சொண்டு. போன வருட வர்ணத்துக்கு மேல் இந்த வருட வர்ணம். பங்குச் சுவாமிக்கு ஒரே ஒரு நிபந்தனை: றோட்டில் போகிற பஸ்ஸில் இருந்து பார்த்தாலும் மாதாவின் கண் தெரிய வேண்டும்.

பிறகு சண்டை, கடல், மூன்று நாடுகள், கடைசியில் மொன்றியல். துறைமுகப் பக்கத்துக் களஞ்சியம் ஒன்றில் மூன்று வருடம் கொள்கலன் இறக்கினேன். ஒருநாள் மியூசியத்துக்கு வந்த பெட்டி ஒன்றின் அடிப்பலகை பிளந்திருந்தது. அதைத் தூக்கினால் உள்ளே இருப்பது ஆடும் என்று எனக்குத் தெரிந்தது. பழைய பலகைத் துண்டுகளில் ஆப்புச் செதுக்கி அணைகொடுத்து வைத்தேன். பெட்டியை எடுக்க வந்தவர் அந்த ஆப்புகளைத் தடவிப் பார்த்துவிட்டு, இதைச் செய்தது ஆர் என்று கேட்டார். அப்படித்தான் மியூசியத்தின் பெட்டி அடிக்கும் பகுதிக்குப் போனேன். இரண்டு வருடம் கழித்து, மரப்பலகையில் வரைந்த ஓவியங்களைக் கையாளத் திருத்தகத்துக்கு ஒரு ஆள் தேவைப்பட்டபோது, ஒரு வருடத் தகுதிகாண் காலத்தோடு அங்கே மாற்றினார்கள்.

முதல் நாளே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். கைவிரல்கள் உரிந்துபோன ஒரு புனிதரின் படத்தைக் காட்டினார்கள். "அதுக்கென்ன, புதுசா அடிச்சா ஒரு மத்தியானத்து வேலை" என்றேன். அங்கே இருந்த நாலு பேரில் மூன்று பேர் என்னைக் கொலைகாரனைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள். சிரித்த ஒரே ஆள் எலேன்.

எலேன் எங்கள் பொறுப்பதிகாரி. என்னைவிட ஆறு வயது இளையவர். நகரத்துக்கு வெளியே இல்-பிசார் என்ற சின்னத் தீவில் இருந்து வருவார். அங்கே பஸ் எப்போதாவது ஒன்று. பனி கொட்டினால் அதுவும் இல்லை. காலையில் வந்ததும் மோதிரத்தைக் கழற்றி ஒரு கோப்பையில் போடுவார். கழுத்துச் சங்கிலியை முதுகுப் பக்கம் விடுவார். படத்தின் மேல் மூடியிருக்கும் துணியைத் தூக்குவதற்கு முன், ஒவ்வொரு நாளும், அந்தப் படத்துக்கு "பொன்ஜூர்" சொல்வார். முதலில் எனக்கு விசர்க்கதையாகப் பட்டது. ஒரு மாதத்துக்குள் நானும் சொல்லத் தொடங்கிவிட்டேன்.

அவருடைய சட்டங்கள் கொஞ்சம்தான், ஆனால் இரும்பு. படத்துக்குக் கிட்ட நின்றால் கை இரண்டும் முதுகுக்குப் பின்னால். பேனை அந்த அறைக்குள்ளேயே வரக்கூடாது, பென்சில் மட்டும். பஞ்சுக்குச்சியைக் கடையில் வாங்கக்கூடாது. மூங்கில் ஈர்க்கில் நாமே பஞ்சு சுற்ற வேண்டும், இடத்துக்கு ஏற்ற பருமனில். அதை நாக்குக்குக் கீழே வைத்து எடுத்து, படத்தில் உருட்ட வேண்டும்.

"தேய்க்கிறேல்லை, ம்சியு அந்தோனி. உருட்டுங்கோ. அழுக்குத் தானா வந்து ஏறும். வராட்டி விடுங்கோ, பேந்து பாப்பம்."

ஒரு பஞ்சு இரண்டு உருட்டுக்கு மேல் போகாது. பாவித்த பஞ்சை எறியவும் கூடாது. மேசையில் ஒரு வெள்ளைக் கடதாசி விரித்து, பாவித்த ஒழுங்கிலேயே வரிசையாக அடுக்க வேண்டும். வேலை முடிகிற நேரம் எலேன் வந்து விளக்கைக் கிட்டப் பிடித்து, ஒவ்வொரு பஞ்சாகப் பார்ப்பார். சாம்பல் நிறம் என்றால் புகை. மண்ணிறம் என்றால் பழைய பிசுக்கு. வேறு எந்த நிறம் தெரிந்தாலும் அங்கேயே நிறுத்த வேண்டும், அது ஓவியரின் நிறம். "பஞ்சு பொய் சொல்லாது" என்பார்.

ஒல்லாந்துப் படங்களில் மேய்கிற மாடுகளுக்கு எச்சில் வைத்தேன், மனம் ஒன்றும் செய்யவில்லை. பூச்சாடிகளுக்கு வைத்தேன். ஒரு ஆயரின் படம் வந்தபோது கொஞ்சம் யோசித்தேன். பிறகு எங்கள் பழைய பங்குச் சுவாமியை நினைத்துக்கொண்டு நன்றாகவே வைத்தேன்.

தகுதிகாண் காலம் முடிய இன்னும் இரண்டு மாதம் இருக்கும்போது மாதா வந்தார்.

மூடப்பட்ட ஒரு கன்னியர் மடத்தில் இருந்து வந்த பலகை அது. தலையணை அளவு. இத்தாலியில், மறுமலர்ச்சிக் காலத்தின் விடியலில், பெயர் தெரியாத ஒருவர் வரைந்தது. மெழுகுதிரிப் புகையில் முகம் இருந்த இடமே தெரியவில்லை. மாதாவும் மடியில் பாலனும் என்று ஊகிக்கலாம், அவ்வளவுதான். எலேன் அதை அகச்சிவப்புக் கமராவின் கீழ் வைத்து, வர்ணத்துக்கு அடியில் கிடக்கும் கரிக்கோடுகளை எனக்குக் காட்டினார்.

"இஞ்ச பாருங்கோ. முதல் கீறேக்க, பாலன் கையத் தூக்கி ஆசீர்வதிக்கிறார். எல்லாரும் அப்பிடித்தான் கீறினவை. ஒருத்தற்ற படத்தப் பாத்து மற்றவர் கீறினது. பேந்து இவர் மனம் மாறியிருக்கிறார். அந்தக் கையை அழிச்சுப்போட்டுத் தாயின்ர விரலைப் பிடிக்க விட்டிருக்கிறார்."

"ஏன் மாத்தினவர்?"

"ஏனோ! தெருவில ஒரு தாயையும் பிள்ளையையும் பாத்திருப்பார். இந்தத் தொடையைப் பாருங்கோ, அவவின்ர விரல் அதுக்குள்ள எப்பிடிப் புதைஞ்சிருக்கு! அதுக்கு முந்தின படங்களில பிள்ளைக்குப் பாரமே இல்லை. இவர்தான் பிள்ளையைத் தூக்கினா கை நோகும் எண்டு கண்டுபிடிச்சவர்." பிறகு அவருக்கே உரிய அவசரத்தோடு சொன்னார்: "மறுமலர்ச்சி எண்டு புத்தகம் புத்தகமா எழுதினவை. எனக்கு அது இவ்வளவுதான். ஓவியர்கள் பழைய படத்தைப் பாக்கிறதை விட்டுட்டு ஆளைப் பாத்தவை."

ஒவ்வொரு நிறத்தையும் ஓரத்தில் சோதித்து, எங்கே எதைப் பாவிக்கலாம் என்று ஒரு வரைபடம் போட்டார். நீலப் போர்வையை ஆரும் தொடக்கூடாது. முகத்துக்கு எச்சில். "முகத்தில நீங்கள் தொடங்குங்கோ" என்று எனக்குச் சொன்னார். அது எனக்குக் கொடுத்த பெரிய மரியாதை.

எடுத்த ஈர்க்கைத் திரும்ப மேசையில் வைத்தேன்.

எச்சில் என்றால் எங்களுக்கு என்னவென்று ஒரு கனேடியருக்கு எப்படி விளங்கப்படுத்துவது? நாங்கள் செம்பில் வாய் வைத்துக் குடிக்க மாட்டோம், அண்ணாந்துதான். கடித்த பழத்தை இன்னொருவருக்குக் கொடுக்க மாட்டோம். கோயில் அன்னதானத்துக்குச் சமைத்தால் உப்புப் பார்க்க மாட்டோம். எத்தனை தலைமுறை முன்னால் கிறிஸ்து வேதத்துக்கு வந்திருந்தாலும் இது மட்டும் எங்களை விட்டுப் போகவில்லை. அப்படிப்பட்ட நான், நாக்குக்குக் கீழே வைத்த பஞ்சை எடுத்து மாதாவின் நெற்றியில் வைப்பதா? நான் செபமாலை சொல்கிற வாய் அது. அதே வாயால் துறைமுகத்தில் பேசிய தூஷணமும் கொஞ்சமில்லை.

முடியாது என்று எலேனிடம் சொல்லியிருக்கலாம். தகுதிகாண் காலம். பயந்தேன். அதற்குப் பதில் ஒரு கெட்டித்தனம் செய்தேன். என் மனைவி பிலோமினாவிடம் ஒரு வெற்று இருமல் மருந்துப் போத்தலைக் கொடுத்து, ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிய அதில் தீர்த்தம் நிரப்பித் தரச் சொன்னேன். வேலையில் பாதுகாப்புக்காக்கும் என்று அவள் நினைத்தாள்.

திங்கள் தொடங்கினேன். எலேனின் மேசை அந்தப் பக்கம், எனக்கு முதுகு காட்டி. ஈர்க்கை வாய்க்குக் கொண்டுபோவேன், சொண்டில் படாமல் இறக்கி, மடியில் இருக்கும் போத்தலில் தோய்ப்பேன். மாதாவின் முகத்தைத் தீர்த்தத்தால் கழுவுகிறேன் என்று எனக்குள் ஒரு பெருமை வேறு. பூசையில் நிற்பது போலத்தான் இருந்தது.

ஆனால் அழுக்கு வரவில்லை. எச்சிலுக்கு இரண்டு உருட்டில் வருகிற புகை, தீர்த்தத்துக்குப் பத்து உருட்டிலும் அசையவில்லை. கொஞ்சம் அழுத்தினேன். அடுத்த நாள் இன்னும் கொஞ்சம். உருட்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டே தேய்த்துக்கொண்டிருந்தேன். நெற்றி வந்தது. மூக்கு வந்தது. வலது கன்னம் வந்தது. எவ்வளவு வடிவான முகம்! அரசியின் முகமில்லை. பாண் வாங்க வரிசையில் நிற்கிற ஒரு பெண்ணின் முகம், இரண்டு நாள் நித்திரை இல்லாதது போல. கண்ணுக்குக் கீழே ஒரு சின்ன வீக்கம்கூட இருந்தது. நான் சுரூபத்துக்குப் போடாத வீக்கம்.

நான்காம் நாள், வியாழக்கிழமை, பஞ்சை எடுத்துப் பார்த்தேன். சாம்பலின் நடுவே இளஞ்சிவப்பு.

கன்னத்தில் ஒரு மிளகளவு இடம் வெளிறியிருந்தது. ஐந்நூறு வருடத்துக்கு மேல் அங்கே இருந்த செம்மை என் பஞ்சில் இருந்தது.

பஞ்சைக் கால்சட்டைப் பைக்குள் போட்டேன். வெள்ளைக் கடதாசியில் வரிசையை நெருக்கி அடுக்கி, இடைவெளி தெரியாமல் செய்தேன். அன்று பின்னேரம் எலேன் விளக்கோடு வந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். "நல்லம், ம்சியு அந்தோனி" என்றார். அந்த ஒரு சொல் போல வாழ்க்கையில் எதுவும் என்னைச் சுட்டதில்லை.

படத்தின் கன்னம் முன்பு எப்படி இருந்தது என்று உலகத்தில் ஆருக்கும் தெரியாது. சாட்சி ஒன்றுதான், அது என் பையில். எறிந்துவிட்டால் முடிந்தது. ஆனால் எலேன் என்றோ ஒருநாள் அந்த வெளிறலைக் காணுவார். தன் சோதனைதான் பிழை, எச்சில் இந்த முகத்துக்கு ஆகாது என்று நினைப்பார். தன்னைத்தான் குற்றம் சொல்வார். அவர் அப்படிப்பட்டவர். சொன்னாலோ என் வேலை போய்விடும். துறைமுகத்துக்குத்தான் திரும்ப வேண்டும், அங்கேயும் என் இடத்தில் வேறு ஆள்.

அன்று வழமைபோல எங்கள் மகள் ஜெனியைக் கார்டெரி என்ற பிள்ளைகள் காப்பகத்தில் எடுத்துக்கொண்டு மெத்ரோ வாசலில் பிலோவுக்காக நின்றேன். ஜெனிக்கு மூன்று வயது. மத்தியானச் சாப்பாட்டுத் தக்காளி கன்னத்தில் காய்ந்து கிடந்தது. பிலோ படியேறி வந்தாள். வந்த வேகத்திலேயே குனிந்தாள், கழுத்துச் சால்வையின் நுனியை நாக்கில் தொட்டாள், பிள்ளையின் கன்னத்தைத் துடைத்தாள். இரண்டு உருட்டு. தக்காளி போய்விட்டது. ஜெனி முகத்தைச் சுழித்துவிட்டுச் சிரித்தாள்.

நான் அப்படியே நின்றேன். ஆயிரம் தரம் கண்டதுதான். அன்றுதான் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து குசினியில் வைத்துப் பஞ்சை எடுத்துப் பிலோவிடம் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். போத்தல் விஷயத்தைக் கேட்டதும் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

"ஐயோ, அதுக்கோ என்னட்டத் தீர்த்தம் கேட்டனீங்கள்? அதுக்குள்ள சுவாமி உப்பெல்லே மந்திரிச்சுப் போடுறவர்!"

உப்பு! எனக்குத் தெரிந்த விஷயம்தான். நினைவே வரவில்லை. மரப்பலகை ஓவியத்துக்குள் உப்பு இறங்கினால் உள்ளே இருந்து அரித்துக்கொண்டே இருக்கும் என்பதும் எலேன் எனக்குச் சொல்லித்தந்ததுதான்.

"பேசாம இருந்தா ஒருத்தருக்கும் தெரியாது" என்றேன்.

"மாதாவுக்கு?"

"மாதா எலேனிட்டச் சொல்லப்போறாவோ?"

பிலோ சிரிக்கவில்லை. பஞ்சை என் கையில் இருந்து வாங்கி, ஒரு சின்னக் கடதாசியில் மடித்து, என் கோட்டுப் பையில் வைத்தாள். "போய்ச் சொல்லுங்கோ. துறைமுகத்தில நீங்கள் நிண்ட காலத்திலயும் நாங்கள் சாப்பிட்டனாங்கள்தானே" என்றாள்.

மறுநாள் பனி. இல்-பிசார்ப் பஸ் வரவில்லை போல, எலேன் வர முக்கால் மணித்தியாலம் பிந்திவிட்டது. அவருடைய மேசையில் வெள்ளைக் கடதாசி விரித்து அந்தப் பஞ்சைத் தனியே வைத்துவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். அவர் வந்தார். மூக்குக் கண்ணாடி முழுக்க வெள்ளையாகப் புகார் படிந்திருந்தது. துடைக்காமல், அது தானாகத் தெளியும்வரை நின்றார். தெளிந்ததும் பஞ்சைப் பார்த்தார்.

"எப்ப?"

"நேற்று."

"எத்தினை நாளா இப்பிடி?"

"நாலு நாள். எச்சில் இல்லை, மதாம். தீர்த்தம்."

அவர் மோதிரத்தைக் கழற்றிக் கோப்பையில் போட்டார். பிறகு மாதாவுக்குப் பொன்ஜூர் சொல்லித் துணியைத் தூக்கினார். உருப்பெருக்கியில் கண்ணை வைத்தவர் எடுக்கவே இல்லை. நான் எச்சிலைப் பற்றிச் சொன்னேன், செம்பைப் பற்றி, உப்புப் பார்க்காத சமையலைப் பற்றி, துறைமுகத்தில் பேசிய தூஷணத்தைப் பற்றி. என் உடைந்த பிரெஞ்சில் எவ்வளவு போய்ச் சேர்ந்ததோ தெரியாது. முடிவில், "அதுக்குள்ள உப்பும் இருக்கு" என்றேன்.

அப்போதுதான் நிமிர்ந்தார். "எவ்வளவு உப்பு?"

"தெரியாது. சுவாமி போடுறவர்."

"சுவாமியின்ர ரெலிபோன் நம்பரைத் தாங்கோ."

என் கண்ணுக்கு முன்னால் எங்கள் பங்குக் கோயிலுக்கு அழைத்தார். மியூசியத்தில் இருந்து கதைக்கிறேன், உங்கள் தீர்த்தத்தில் ஒரு லீற்றருக்கு எவ்வளவு உப்பு என்று பாதிரியாரிடம் மிகப் பணிவாகக் கேட்டார். அந்தப் பக்கம் சுவாமி என்ன நினைத்தாரோ பாவம். "ஒரு கிள்ளு" என்றாராம். எலேன் பென்சிலை எடுத்து அறிக்கைப் புத்தகத்தில் "ஒரு கிள்ளு" என்று எழுதிக்கொண்டார். பிறகு புத்தகத்தை என் பக்கம் தள்ளினார்.

"மிச்சத்தை நீங்கள் எழுதுங்கோ. எங்க, என்னத்தால, எத்தினை நாள், எத்தினை மில்லிமீற்றர். ஏன் எண்டும் எழுதுங்கோ. இன்னும் நூறு வருசத்தில இதைத் திறக்கிற ஆளுக்கு விளங்க வேணும்."

"நான் போக வேணுமோ, மதாம்?"

"அது மேலிடம் முடிவெடுக்கும். எனக்குத் தெரியாது." பஞ்சைக் கடதாசியோடு மடித்துப் புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்தார். "எனக்குக் கோவம்தான். முடியாது எண்டு ஒரு சொல் சொல்லியிருந்தால் நான் வேற ஆளை விட்டிருப்பன். மரியாதையில நீங்கள் அவவைத் தேய்ச்சுப்போட்டீங்கள்."

அது முழு உண்மை. இன்றைக்கும் நினைத்தால் கூசுகிறது.

மேலிடத்தில் ஒரு கூட்டம் நடந்தது. நான் வெளியே மர வாங்கில் குந்திக்கொண்டிருந்தேன். உள்ளே எலேன் எனக்காக வாதாடவில்லை என்றும், "அந்தப் பஞ்சு இல்லாட்டி எங்களுக்கு ஒண்டும் தெரிஞ்சிருக்காது. அதைக் கொண்டந்தவர் அவர்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார் என்றும் பிறகு ஒருவர் சொன்னார். முடிவு: தகுதிகாண் காலம் இன்னும் ஒரு வருடம் நீளும். இளவேனில் வரும்வரை எந்தப் படத்தையும் நான் தொடக்கூடாது. அன்று பின்னேரம் மெத்ரோவில் வாய்விட்டு அழுதுகொண்டே வீட்டுக்குப் போனேன். பக்கத்தில் இருந்த மனுசி கைக்குட்டை நீட்டினார்.

அந்தக் குளிர்காலம் முழுக்க மற்றவர்களுக்கு ஈர்க்கில் பஞ்சு சுற்றிக் கொடுத்தேன். காற்றின் ஈரத்தைக் காட்டும் முள்ளைக் காலையும் மாலையும் பார்த்து எழுதினேன். மொன்றியல் தை மாதத்தில் காற்றுக் காய்ந்தால் பழைய பலகைக்குக் காய்ச்சல்காரனைப் போல முதுகு வளையும். எலேன் முதல் வேலையாக உப்பைத் துளித் துளியாகச் சுத்த நீரில் ஒற்றி எடுத்தார். பிறகு பொன் பின்னணி, பாலன், அந்தக் குண்டுத் தொடை, விரலைப் பிடித்த கை என்று ஒவ்வொன்றாக வெளியே கொண்டுவந்தார். மாதாவின் இடது கன்னத்தை மட்டும் தொடவில்லை. பாதி முகம் விடிந்தும் பாதி முகம் கறுத்தும் மாதா அந்த அறையில் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஏன் விட்டு வைத்திருக்கிறார் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

சித்திரை மாதத்து ஒரு காலை, கதிரையை இழுத்துப் போட்டார். "மிச்சம் உங்களுக்கு, ம்சியு அந்தோனி. ஏலாதெண்டால் இப்ப சொல்லுங்கோ. அதில ஒரு குறையும் இல்லை."

"ஏலும், மதாம். எனக்கு ஒரு மணித்தியாலம் தாங்கோ."

பூசையில் நன்மை, அதாவது நற்கருணை, வாங்குவதற்கு முன் நாங்கள் ஒரு மணித்தியாலம் ஒன்றும் உண்ணாமல் குடியாமல் இருப்போம். அப்படி இருந்தேன். தண்ணீரால் மூன்று தரம் வாய் கொப்பளித்தேன். கதிரையில் இருந்து பொன்ஜூர் சொன்னேன். "மாதாவே, பொறுத்துக்கொள்ளும்" என்று தமிழிலும் சொன்னேன். பஞ்சை நாக்குக்குக் கீழே வைத்து எடுத்து, அந்தக் கறுத்த கன்னத்தில் வைத்தேன்.

இரண்டே உருட்டு. புகை தானாக ஏறி வந்தது. அதன் கீழே இளஞ்சிவப்பு, கன்னத்திலேயே, ஒரு அணுவும் நகராமல். பஞ்சு சாம்பல் மட்டும்தான். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. கதிரையைப் பின்னுக்குத் தள்ளி எழும்பி ஜன்னலடிக்குப் போய்விட்டேன். கண்ணீரிலும் உப்பு இருக்கிறதல்லவா.

அன்றிலிருந்து முப்பது வருடமும் அந்த ஒரு மணித்தியாலப் பழக்கத்தை விடவில்லை. ஒல்லாந்து மாட்டுக்கும் அதே நோன்புதான். திருத்தகத்து ஆட்கள் சிரிப்பார்கள். கொஞ்ச நாளில் அவர்களில் இரண்டு பேர் காலையில் கோப்பி குடிப்பதை விட்டுவிட்டு என்னோடு வாய் கொப்பளிக்கத் தொடங்கினார்கள். கமிய், உன் போத்தலுக்கு நோன்பு தேவையில்லை. இருந்தாலும் பொன்ஜூர் சொல்ல மறக்காதே.

கடைசியாக அந்த மிளகளவு. வெளிறிய இடத்தை அப்படியே விடவும் முடியாது, பழைய நிறம் போல ஏமாற்றி அடிக்கவும் கூடாது. அதற்கு ஒரு முறை உண்டு. நீர்வர்ணத்தில் மயிரிழை போலச் செங்குத்தாகக் கோடுகள் போடுவது. எட்ட நின்று பார்த்தால் கன்னம் முழுசாகத் தெரியும். கிட்ட வந்து பார்த்தால் இது பிறகு போட்டது என்று கோடுகள் சொல்லிவிடும். நாளைக்கு ஆராவது விரும்பினால் ஈரப் பஞ்சால் எடுத்தும் விடலாம். எலேன் நிறத்தைக் கலந்து தந்துவிட்டுத் தூரிகையை என்னிடம் நீட்டினார். "சுரூபத்துக்குக் கண் கீறின கைதானே. கோட்டை நீங்கள் போடுங்கோ. ஆனால் பஸ்ஸில போற ஆளுக்குத் தெரியத் தேவையில்லை" என்றார். பதினேழு கோடு போட்டேன். இரண்டு நாள் எடுத்தது.

எலேன் எனக்கு முன்பே ஓய்வு பெற்றுப் போய்விட்டார். தீவிலேயே இருக்கிறார். நத்தார்ப் பண்டிகைக்கு வாழ்த்து மட்டை போடுவார், பென்சிலில் எழுதி.

விடைபெற்ற அன்று பிலோவைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். இத்தனை வருடத்தில் அவள் அந்தப் படத்தை ஒருநாளும் வந்து பார்க்கவில்லை. "போத்தலை நிரப்பினது ஆர் எண்டு மாதா என்னைக் கேட்டா நான் என்ன சொல்லுறது?" என்று தட்டிக்கழித்துக்கொண்டே இருந்தவள். கேக்கெல்லாம் முடிந்த பிறகு இரண்டாம் மாடிக்குக் கூட்டிப் போனேன். எட்ட நின்று பார்த்தாள். "முகத்தில ஒண்டும் இல்லையே!" என்றாள். கிட்டக் கூட்டிக்கொண்டு போனேன். கண்ணாடியை மூக்குக்கு இறக்கி வெகுநேரம் தேடினாள்.

"இந்தக் கோடுகளோ?"

"ஓம்."

"நீங்களோ போட்டது?"

"ஓம். அழிச்சதும் நான்தான்."

அவள் கண்ணாடியை மேலே ஏற்றிவிட்டாள். பிறகு கோயிலில் சுரூபத்துக்கு முன் செய்வது போல, தன் விரல் நுனியைச் சொண்டில் வைத்து முத்தி, அதே கையை மாதாவை நோக்கி நீட்டினாள். எனக்கு முப்பது வருடக் காவல் பழக்கம். நான் பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். காவலாளியும் இரண்டு அடி முன்னுக்கு வந்துவிட்டான்.

பிலோ என் பிடியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"நீங்கள் மட்டும் எச்சில் பண்ணலாமோ?" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கையை விட்டேன். நீட்டிய விரலை அவள் திருப்பிக் கொண்டுபோகவில்லை. மாதாவுக்கு வைக்க வந்த முத்தத்தை, காவலாளி பார்த்துக்கொண்டிருக்க, என் வலது கன்னத்தில் வைத்தாள்.